பேரைக் கெடுத்த இரண்டாவது பேட்டரி

நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் போன் வாங்கும் பேச்சை எடுத்தால் போதும். "அந்தக் கம்பெனியா? வித்த போனையெல்லாம் திருப்பி வாங்கினானே, அவனா?" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது, அதாவது ரீகால், ஒரு கம்பெனிக்குத் தலைகுனிவு, அதனால் அதன் பேர் கெட்டுவிடும் என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரும்பப் பெற்றதாலேயே பேர் கெட்ட கம்பெனிகள் குறைவு. திரும்பப் பெற்ற விதத்தால் பேர் கெட்டவைதான் அதிகம். இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான உதாரணம் 2016-ல் சாம்சங் காலக்ஸி நோட் 7 போனுக்கு நேர்ந்த கதி. "ஏதோ போன் வெடித்ததாம்" என்ற அளவில்தான் பலருக்கும் அது நினைவிருக்கிறது. நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் பேர் எந்த இடத்தில் கெட்டது என்பது புரியும்.

நோட் 7 போனை 2016 ஆகஸ்ட் 2-ம் தேதி நியூயார்க்கில் அறிமுகம் செய்தார்கள். ஆகஸ்ட் 19-ல் அமெரிக்கா, கொரியா முதலிய நாடுகளில் விற்பனை தொடங்கியது. எழுதுகோல் வைத்த பெரிய திரை, கண்ணின் கருவிழியைப் பார்த்துப் பூட்டுத் திறக்கும் வசதி, தண்ணீர் பட்டாலும் கெடாத உடல் என்று பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. இந்தியாவிலும் 59,900 ரூபாய் என்று விலை அறிவித்து முன்பதிவு வாங்கினார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்தது, மேஜையில் வைத்திருந்தபோது புகைந்தது என்று ஒவ்வொன்றாகச் செய்தி வர ஆரம்பித்தது. செப்டம்பர் 2-ம் தேதி சாம்சங்கின் கைப்பேசிப் பிரிவுத் தலைவர் கோ டோங்-ஜின் சியோலில் நிருபர்களைக் கூட்டினார். அதுவரை 35 புகார்கள் வந்திருக்கின்றன, விற்பனையை நிறுத்துகிறோம், வெளியே போன 25 லட்சம் போன்களையும் மாற்றிக் கொடுக்கிறோம் என்று அறிவித்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்சத்தில் 35 என்றால் ஏறக்குறைய 70 ஆயிரம் போனுக்கு ஒன்று. அதற்காக மொத்தத்தையும் மாற்றித் தருகிறேன் என்று ஒரு கம்பெனி முன்வருவது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு வந்த கருத்துகளில் பாராட்டும் நிறைய இருந்தது. அந்தக் கதை அத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கு மேலாண்மை வகுப்புகளில் அதை நல்ல உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அத்தோடு முடியவில்லை.

அது ஏன் என்று புரிய, பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். லித்தியம் அயான் பேட்டரியில் நேர்மின் தகடு ஒன்று, எதிர்மின் தகடு ஒன்று. தகடு என்றாலும் தாள் மாதிரி மெல்லியவை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஒரு பைக்குள் வைத்து, எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தை ஊற்றி மூடிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் தாள் எங்காவது கிழிந்தால் இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடு ஏறும், அந்தச் சூடு பக்கத்தில் இருப்பதையும் சூடாக்கும், கடைசியில் தீ. நோட் 5 போனில் 3000 மில்லி ஆம்பியர் மணி இருந்த பேட்டரி, நோட் 7-ல் 3500 ஆனது. போனோ ஒல்லியாகவே இருக்க வேண்டும். இருக்கிற இடத்தில் அதிகமாக அடைத்தால் பிழைக்கு இடம் கொடுக்க முடியாது.

நோட் 7 போனுக்கு இரண்டு கம்பெனிகள் பேட்டரி கொடுத்தன. ஒன்று சாம்சங் குழுமத்தைச் சேர்ந்த சாம்சங் எஸ்டிஐ. இன்னொன்று ஆம்பரெக்ஸ் டெக்னாலஜி. தீப்பிடித்த போன்களில் முதல் கம்பெனியின் பேட்டரி இருந்தது. உடனே, "கோளாறு அவர்கள் பேட்டரியில்தான், இரண்டாவது கம்பெனியின் பேட்டரி போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு செய்துவிட்டார்கள். புதிய போன்களின் திரையில் பேட்டரிக் குறி பச்சை நிறத்தில் தெரியும்படி செய்தார்கள். பச்சை தெரிந்தால் பயமில்லை என்று அர்த்தம். அந்தப் பச்சைக் குறி ஒரு உத்தரவாதம். சாம்சங் தன் பேரையே அதில் அடகு வைத்தது என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அங்கே இப்படிப்பட்ட விஷயங்களை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு கலந்து அறிவிப்பதுதான் முறை. சாம்சங் முதலில் தானாகவே மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்துவிட்டது. ஆணையத்தின் முறையான அறிவிப்பு செப்டம்பர் 15-ம் தேதிதான் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் போன்கள். அதற்குள் அங்கே 92 புகார்கள் வந்திருந்தன, 26 பேருக்குத் தீக்காயம். இடைப்பட்ட இரண்டு வாரமும் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் மக்கள் அதே போனைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அக்டோபர் 5-ம் தேதி லூயிவில் நகரிலிருந்து பால்டிமோர் போகவிருந்த சவுத்வெஸ்ட் விமானத்தில், கிளம்புவதற்கு முன்பே ஒரு பயணியின் நோட் 7 புகைந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அவர் கையில் இருந்தது மாற்றிக் கொடுக்கப்பட்ட புதிய போன். அடுத்த சில நாட்களில் அதேபோல இன்னும் சில சம்பவங்கள். அக்டோபர் 11-ல் நோட் 7 உற்பத்தியையே நிரந்தரமாக நிறுத்துவதாக சாம்சங் அறிவித்தது. கடைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் 53 நாள். அன்று ஒரே நாளில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை 8 சதவீதம் சரிந்தது.

என் கருத்துப்படி பேர் கெட்டது இந்த இடத்தில்தான். முதல் தீ விபத்து என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது தீ வந்தபோது, "இவர்களுக்கே காரணம் தெரியவில்லை, தெரியாமலே தெரிந்த மாதிரி சொல்லியிருக்கிறார்கள்" என்று புரிந்துகொண்டார்கள். பொருளில் வரும் பழுதை மன்னிக்க மக்கள் தயார். வாக்கில் வரும் பழுதை மன்னிப்பது கஷ்டம். நம் ஊர் மளிகைக் கடையில்கூட அதுதான் வழக்கம். ஒரு தடவை புழு வைத்த அரிசி வந்தால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்வோம். "இது நல்ல அரிசி, நானே பார்த்துக் கட்டினேன்" என்று சொல்லிக் கொடுத்த மூட்டையிலும் புழு இருந்தால், அடுத்த மாதம் கடையையே மாற்றிவிடுவோம்.

அதன் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் பேரை இன்னும் கீழே இழுத்தன. போனைத் திருப்பி அனுப்புவதற்காக, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சூடு தாங்கும் உறை வைத்த பெட்டியும் கையுறையும் அனுப்பினார்கள். பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு தொட வேண்டிய பொருளையா இத்தனை நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினோம் என்று நினைக்காதவர் யார்?

அக்டோபர் 15 முதல் அமெரிக்க விமானங்களில் நோட் 7 கொண்டுபோகவே தடை. அதற்கு ஒரு மாதம் முன்பே நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் எச்சரிக்கை விட்டிருந்தது. நோட் 7 இந்தியக் கடைகளுக்கே வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஆனாலும் அந்த நாட்களில் விமானம் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும், சீட் பெல்ட் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் அந்தப் போனின் பேரைச் சொல்லி அணைத்து வைக்கச் சொன்னார்கள். கோடிக்கணக்கில் கொட்டி விளம்பரம் செய்து வளர்த்த பேரை, ஊர் ஊராக, ஒவ்வொரு விமானத்திலும், ஆபத்துப் பட்டியலில் வைத்து வாசித்தால் எப்படி இருக்கும்!

அதன் விளைவு சென்னை வரை வந்தது. 2016 செப்டம்பர் 23-ம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. ஊழியர்கள் சமயோசிதமாகத் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீரில் போட்டார்கள். யாருக்கும் காயமில்லை, விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. அந்தப் போன் நோட் 7 இல்லை, 2012-ல் வந்த நோட் 2. நான்கு வருடப் பழைய போன் ஒன்று புகைந்தது வேறு சமயமாக இருந்தால் ஆறாம் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. அன்றைக்கு அது உலகச் செய்தி ஆனது. ஒரு மாடலில் வந்த சந்தேகம் அந்தக் குடும்பப் பேர் தாங்கிய எல்லாவற்றின் மீதும் படிந்துவிட்டது. பேர் கெடுவது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பணக் கணக்கும் உண்டு. அந்தக் காலாண்டில் சாம்சங் கைப்பேசிப் பிரிவின் லாபம் சுமார் 10 ஆயிரம் கோடி வோன். முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 2.4 லட்சம் கோடி வோன் வந்த இடம் அது. மொத்த இழப்பு 500 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஹாரிஸ் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் நன்மதிப்புக் கணிப்பில் முதல் பத்துக்குள் இருந்த சாம்சங், 2017-ல் 49-வது இடத்துக்குப் போனது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ரீகால் இருக்கிறது. நம்மில் பலர் அதில் நேரடியாகவே பங்கேற்றிருப்போம். 2007 ஆகஸ்ட் 14-ம் தேதி நோக்கியா ஒரு அறிவிப்பு கொடுத்தது. பிஎல்-5சி என்ற பேட்டரியில், ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்தவை சார்ஜ் ஏறும்போது சூடாகலாம், சுமார் 100 புகார்கள் வந்திருக்கின்றன என்றது. எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 4 கோடியே 60 லட்சம்! நோட் 7 போல 18 மடங்கு. டார்ச் வைத்த 1100 மாடலில் இருந்ததும் அதே பிஎல்-5சி என்பதால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு போனின் முதுகைத் திறந்து பேட்டரி நம்பரைப் பார்த்தார்கள். சர்வீஸ் சென்டர்களில் கூட்டம். போன் வெடிக்கும் என்று வதந்தியும் பரவியது.

ஆனாலும் நோக்கியாவின் பேர் கெடவில்லை. அதற்குப் பிறகும் சில வருடங்கள் உலகத்திலும் இந்தியாவிலும் போன் விற்பனையில் முதலிடம் அவர்களுக்குத்தான். பின்னால் அவர்கள் வீழ்ந்த கதை வேறு, அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஏன் கெடவில்லை? எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, பேட்டரியில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னார்கள். மாற்றிக் கொடுத்த பேட்டரி மறுபடி சூடாகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாளில் நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்துவிடும். நோட் 7-ல் பேட்டரி உள்ளே ஒட்டி மூடப்பட்டது. சின்ன பேட்டரிக்காக முழுப் போனையும், அதிலிருந்த படம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதுவும் இரண்டு தடவை.

"தீப்பிடிக்கிற சாமானை வைத்துக்கொண்டு காரணம் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அவசரத்தில் ஏதாவது செய்யத்தானே வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: நிறுத்துவதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை, மாற்றிக் கொடுப்பதற்குத் தெரிய வேண்டும். விற்பனையை நிறுத்து, போனை அணைக்கச் சொல், பணத்தைத் திருப்பிக் கொடு. இதற்கெல்லாம் ஒரு சந்தேகம் போதும். "இதோ நல்லது, இதைப் பயமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு மட்டும் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்கத் தர ஆய்வுப் பிரிவில் கழித்தவன் நான். வண்டிகளுக்கு ஆயில் சீல் செய்யும் சின்னத் தொழிற்சாலை. ஒரு தடவை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் முழுதும் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. அந்த லாட்டுக்கு ரப்பர் கொடுத்தவர் புதிய சப்ளையர். பழி அவர் மேல் விழுவது எளிது. பழைய சப்ளையரின் ரப்பரில் செய்த சீல் ஸ்டோரில் இருந்தது, ராத்திரியே லாரியில் ஏற்றிவிடலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் அந்தப் பெட்டிகளிலும் 'ஹோல்டு' அட்டையைக் கட்டிவிட்டார். "ரப்பர்தான் காரணம்னு யார் பார்த்தா?" என்று ஒரே கேள்வி. இரண்டு நாள் வாடிக்கையாளரின் திட்டு முழுவதும் அவருக்குத்தான். மூன்றாம் நாள் தெரிந்தது, ரப்பரில் ஒன்றுமில்லை, ஓரத்தைச் சீவும் எங்கள் மெஷினின் பிளேடு சீலின் உதட்டில் கீறல் போட்டிருக்கிறது. ஸ்டோரில் இருந்தவற்றிலும் அதே கீறல். அவற்றை அனுப்பியிருந்தால் அந்த வாடிக்கையாளர் எங்களை விட்டே போயிருப்பார். தாமதத்துக்குத் திட்டியவர், ஆர்டரை நிறுத்தவில்லை.

சாம்சங்கும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது. சுமார் 700 பேரை உட்கார வைத்து, 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்தார்கள். வெளியிலிருந்து யுஎல், எக்ஸ்போனென்ட், டியுவி ரைன்லாந்து என்ற மூன்று நிறுவனங்களை அழைத்துத் தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். 2017 ஜனவரி 23-ம் தேதி முடிவை வெளியிட்டார்கள். முதல் கம்பெனியின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்மின் தகடு மடங்கி நசுங்கியிருந்தது. இரண்டாவது கம்பெனியின் பேட்டரியில் வெல்டிங் செய்த இடத்தில் கூர்மையான பிசிறு நின்று, நடுத் தாளைக் குத்தியது. சிலவற்றில் ஒட்ட வேண்டிய காப்பு டேப்பே இல்லை. ஒரே மாதிரித் தீ, ஆனால் இரண்டு வேறு காரணங்கள். முதலில் கண்ணில் பட்ட காரணத்தோடு நின்றவர்களுக்கு இரண்டாவது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பேட்டரிக்கு அளவு குறித்துக் கொடுத்தது நாங்கள், சோதித்துக் கண்டுபிடிக்கத் தவறியதும் நாங்கள் என்று அன்று சாம்சங் ஒப்புக்கொண்டது. பேட்டரிக் கம்பெனிகளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. இனி எட்டு வகைச் சோதனை செய்வோம் என்று பட்டியலும் கொடுத்தது. ஏப்ரலில் எஸ்8 வந்தது, ஆகஸ்டில் நோட் 8 அறிமுகமானது, மக்கள் வாங்கினார்கள். கெட்ட பேர் மெல்ல மெல்லச் சரியானது. மெமரி சிப் வியாபாரம் அந்த வருடம் கொழித்ததால் அடியைத் தாங்கவும் முடிந்தது. அந்தத் தூண் இல்லாத கம்பெனியாக இருந்தால் எழுந்திருப்பதே சந்தேகம்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1995-ல் அப்போதைய சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ, தரமில்லாத கைப்பேசிகள், ஃபேக்ஸ் மெஷின்கள் என்று சுமார் ஒன்றரை லட்சம் சாதனங்களை கூமி தொழிற்சாலை மைதானத்தில் குவித்து, 2,000 தொழிலாளர்கள் பார்க்கத் தீ வைத்து எரிக்கச் செய்தார். அந்தத் தீயில்தான் சாம்சங்கின் பேர் வளர்ந்தது என்று கொரியாவில் பெருமையாகச் சொல்வார்கள். காரணம் எளிது. அது வாடிக்கையாளர் கைக்குப் போய் எரியவில்லை, கம்பெனி தானே எரித்தது.

கடைசியாக நம்மைப் பற்றி. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்தைவிட முந்தி வருவது கம்பெனிக்கு உள்ளே எழும் ஒரு கேள்வி: "வெளியே சொன்னால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?" பழுதை ஒப்புக்கொண்ட கம்பெனியைப் பார்த்து நாம் சிரித்தால், அடுத்த கம்பெனி ஒப்புக்கொள்ளாது. சர்வீஸுக்கு வரும்போது நைசாக மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். சர்வீஸுக்கே வராதவர் வீட்டில் அந்தப் பழுது தூங்கிக்கொண்டிருக்கும். நம் வயதுக்காரர்கள் பிள்ளைகள் கொடுத்த பழைய போனை ஐந்து வருடம், ஆறு வருடம் வைத்துக்கொள்பவர்கள். அந்தப் பழுது நம் தலைமாட்டிலேயே இருக்கலாம்.

அதனால் இனி ஏதாவது ஒரு கம்பெனி பொருளைத் திரும்பப் பெறுகிறது என்று கேள்விப்பட்டால், உடனே அதைத் தள்ளிவைக்க வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள். தானாக முன்வந்து சொன்னதா, மாட்டிக்கொண்ட பிறகு சொன்னதா? காரணம் இன்னது என்று விளங்கும்படி சொன்னதா? மாற்றிக் கொடுத்த பொருள் நன்றாக இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தக் கம்பெனியின் பொருளையும் எடுத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம்.